முகிலா கிரீம் மீதான மனு

அரசாங்கத்துக்கு ஒரு விஷயத்தில் அக்கறை வந்துவிட்டது என்பதற்கு அடையாளம் பெயர்ப்பலகை. பலகை முன்னால் வரும். அக்கறை பின்னால் மெதுவாக வரும், வராமலும் போகும். ஊட்டியில் சேரிங்கிராஸுக்கு மேலே ஒரு பழைய கட்டடத்தின் மாடிக்கு அப்படி ஒரு பலகை வந்தது: "கர்ப்பிணிகள் மற்றும் பாலூட்டும் தாய்மார்களுக்கான மேனிப்பூச்சுப் பாதுகாப்பு நெறிப்படுத்தும் சிறப்புப் பிரிவு, மலைப்பகுதி". பெயரின் நீளத்துக்கு ஏற்ற பலகை என்பதால் படிக்கட்டுத் திருப்பத்தில் அது திரும்ப மறுத்தது. கைப்பிடிச் சுவரைக் கொஞ்சம் இடித்து மேலே ஏற்றினார்கள். அந்தப் பிரிவு செய்த முதல் வேலை அதுதான். குன்னூர் காயத்ரிக்குக் கன்னம் வெடிக்காமல் இருந்திருந்தால் கடைசி வேலையும் அதுவாகவே இருந்திருக்கும்.

காயத்ரி கோயமுத்தூரில் பிறந்து குன்னூருக்கு வாக்கப்பட்டவள். ஒரு தேயிலைக் கம்பெனி ஆபீசில் பில் போடுகிறாள். தலைப்பிள்ளை வயிற்றில் ஐந்து மாதம். மார்கழிப் பனி அவள் இரண்டு கன்னத்தையும் வறண்ட குளம் மாதிரி பிளந்து வைத்திருந்தது. சிரித்தால் எரியும், ரத்தம் கசியும். அதனால் அவள் சிரிப்பதையே விட்டுவிட்டாள். மசக்கை தீர்ந்து மனசு துள்ளிக் குதிக்கும் நேரம், முகம் மட்டும் உர்ரென்று இருந்தது. மாமியார் வேலாமணி அக்கம்பக்கத்தில் சொல்லி வருத்தப்பட்டார்: "என்ன கோவமோ தெரியலைங்க. வாயத் தொறந்து சொன்னாத்தானுங்க தெரியும்."

கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. பஜாரில் வாங்கிய முகிலா கிரீம் டப்பா ஒன்று அலமாரியில் இருந்தது. வயிற்றில் பிள்ளையோடு அதைப் பூசலாமா, கூடாதா? காயத்ரிக்கு வேண்டியது ஒரே ஒரு சொல்.

அந்தச் சொல்லைக் கண்டுபிடிக்கும் பொறுப்பைக் கணவன் கீர்த்திவாசன் ஏற்றான். பஜாரில் மொபைல் கடை வைத்திருப்பவன். டப்பாவைப் போனில் காட்டினால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்குப் போட்டுச் சொல்லும் ஆப் ஒன்று அவனிடம் இருந்தது. இந்தக் காலத்துக் கர்ப்பிணிகள் தங்கள் வயிற்றைப் பார்ப்பதைவிட டப்பாக்களின் முதுகைப் பார்ப்பதுதான் அதிகம். அந்த நாகரிகம் குன்னூருக்கும் ஏறி வந்திருந்தது.

முகிலா கிரீமுக்கு ஆப் மஞ்சள் விளக்குப் போட்டது. "மஞ்சள்னா என்னங்க?" என்றாள் காயத்ரி.

"பூசலாம், ஆனா பயந்துட்டே பூசோணும்."

சந்தேகம் தீர்க்க வேறு சாமான்களையும் காட்டிப் பார்த்தான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. தேங்காயெண்ணெய்க்கு மஞ்சள் விளக்கு. மஞ்சளுக்குச் சிவப்பு விளக்கு. சீயக்காய்க்கு நீண்ட யோசனைக்குப் பிறகு சிவப்பு. வேலாமணி பூஜை அலமாரியில் வைத்திருந்த விபூதிக்கு "போதிய ஆய்வுகள் இல்லை" என்று வந்தது. வேலாமணி அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. வீட்டிலேயே பச்சை விளக்கு வாங்கியது கீர்த்திவாசனின் ஷூ பாலிஷ் ஒன்றுதான்.

காயத்ரி பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் மாலதியிடம் டப்பாவை நீட்டினாள். டாக்டர் அதைத் திருப்பிப் படித்தார். வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"போன வருசம் வந்திருந்தீங்கன்னா நானே சொல்லிருப்பேன்மா. இப்ப இதுக்குன்னு ஊட்டியில தனிப் பிரிவு வந்திருச்சு. மத்தவங்க யாரும் வாய்மொழியா பதில் சொல்லக் கூடாதுன்னு சர்க்குலர். குழந்தை நல்லா இருக்கு. நீங்க ஊட்டிக்குப் போங்க."

"தலையையாச்சும் ஆட்டுங்க டாக்டர்."

"தலையாட்டறதும் வாய்மொழியில சேரும்னு விளக்கம் குடுத்திருக்காங்கம்மா."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார் என்பது இதுதான். காயத்ரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊட்டி பஸ் ஏறினாள்.

சிறப்புப் பிரிவில் இரண்டே பேர்: அதிகாரி நாச்சிமுத்து, எழுத்தர் மாரிச்சாமி. அவள் உள்ளே நுழைந்தபோது இருவரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஹீட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மாரிச்சாமி நிமிராமலே சொன்னார்: "பொட்டானிக்கல் கார்டனுக்கு நேரா போய் இடதுகைப் பக்கம் திரும்புங்க."

"நான் மனு குடுக்க வந்தனுங்க."

கம்பளிகள் இரண்டும் நழுவி விழுந்தன. நாச்சிமுத்து எழுந்து நின்றார். அவள் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, நெசமாலுமே கர்ப்பந்தானுங்களா?"

"ஆமாங்க."

"மாரிச்சாமி, நாற்காலியத் தொடைச்சுப் போடுங்க. பேக்கரியில வர்க்கி வாங்கிட்டு வாங்க, சூடா இருக்கோணும்."

ஒரு மனுதாரரை அரசாங்கம் அப்படி வரவேற்று இந்த மலை கண்டதில்லை. ஹீட்டரை அவள் பக்கம் திருப்பி வைத்தார்கள். மனுவை மாரிச்சாமியே எழுதினார். மனுவுக்கு எண் போடும் இடத்தில் 'ஒன்று' என்று எழுதிவிட்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூசலாமா கூடாதான்னு இப்பவே சொல்லிருவீங்களா?" என்றாள் காயத்ரி.

"ஆய்வு செஞ்சுதானுங்க சொல்லோணும்" என்றார் நாச்சிமுத்து. "மாதிரியை வெச்சுட்டுப் போங்க."

"மாதிரின்னா?"

"டப்பாவத்தானுங்க."

அடுத்த மாதம் அவள் போனபோது முதலில் கண்ணில் பட்டது நாச்சிமுத்துவின் முகம். பங்குனி உத்திரத்துக்கு அபிஷேகம் செய்து வைத்த சாமி மாதிரி பளபளவென்று இருந்தது. மாரிச்சாமியின் கைகளில் ஒரு வெடிப்பு இல்லை. மேஜையில் முகிலா டப்பா திறந்து கிடந்தது. அடியில் ஒரு விரல் வழித்த தடம் மட்டும் மிச்சம் இருந்தது.

"ஆய்வு நல்லபடியா போயிட்டிருக்குங்க" என்று சொல்லி அதிகாரி இடைக்கால அறிக்கையை வாசித்தார். "மேற்படி பூச்சினை இப்பிரிவின் அலுவலர்கள் இருவரும் காலை மாலை இருவேளையும் தவறாது பூசி வந்ததில், அன்னார்களின் கர்ப்பத்துக்கு எவ்விதப் பாதிப்பும் ஏற்படவில்லை என இதன்மூலம் அறியப்படுகிறது."

"யாரு கர்ப்பத்துக்குங்க?"

"எங்க கர்ப்பத்துக்குங்க."

"உங்களுக்கு ஏதுங்க கர்ப்பம்?"

"இல்லாததுக்குப் பாதிப்பு வரலைங்கறது சரிதானுங்களே. அறிக்கையில ஒரு எழுத்து பொய் இல்லீங்க." நாச்சிமுத்து டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினார். "மாதிரி தீந்து போச்சுங்க. இன்னொண்ணு வாங்கிட்டு வந்தீங்கன்னா ஆய்வைத் தொடரலாம்."

காயத்ரிக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. கத்தலாம் என்றால் கன்னம் எரியும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "ஆமாவா, இல்லையா? ஒரே வார்த்தைங்க. அதைச் சொல்றதுல உங்களுக்கு என்னங்க நட்டம்?"

மாரிச்சாமி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மேடம், பதில் சொல்லிட்டா மனு முடிஞ்சுரும். இங்க நிலுவையில இருக்கறது உங்க மனு ஒண்ணுதான். நிலுவை இல்லாத ஆபீசு தேவையில்லைன்னு மூடிருவாங்க. எங்க ரெண்டு பேரையும் மலையை விட்டுக் கீழ மாத்திருவாங்க. எம்பொண்ணு இங்க பள்ளிக்கூடத்துல இப்பத்தான் ரெண்டு கூட்டாளி புடிச்சிருக்கா." அவர் கண் கலங்கியது. கலங்கியும் கன்னம் எரியவில்லை. அதுதான் முகிலா கிரீமின் மகிமை.

"உங்க கேள்விதானுங்க எங்களுக்குச் சோறு போடுது" என்றார் நாச்சிமுத்து. "அதைப் பதிலச் சொல்லிக் கொன்னுபுடச் சொல்றீங்களா?"

என்ன செய்வது, இரக்கம் வந்துவிட்டது. கர்ப்பிணிகளுக்கு அது கொஞ்சம் தாராளமாகவே வரும். காயத்ரி பஜாரில் இன்னொரு டப்பா வாங்கி வந்து கொடுத்துவிட்டு, வெடித்த கன்னத்தோடு பஸ் ஏறினாள்.

அதற்குள் ஊட்டியில் வேறு ஒரு காரியம் நடந்தது. நாச்சிமுத்துவின் முகத்தைக் கீழ்மாடி ஆபீசு பார்த்தது. கீழ்மாடியைப் பக்கத்துக் கட்டடம் பார்த்தது. "என்ன பூசறீங்க?" என்று கேட்டவர்களிடம் அவர் அடக்கமாக, "ஆய்வில் உள்ளது" என்று மட்டும் சொன்னார். அரசாங்கமே ஆய்வு செய்து பூசும் கிரீம் என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. கருவூலத்து ஊழியர் முதல் கண்டக்டர் வரை பளபளத்தார்கள். முகிலா கிரீம் ஊட்டியில் தீர்ந்தது, குன்னூரில் தீர்ந்தது, கீழ் கோத்தகிரியில் ஒரு பெட்டிக்கடையில் இருந்ததையும் யாரோ ஜீப்பில் போய் அள்ளி வந்தார்கள். நீலகிரியில் அதைப் பூசாமல் இருந்த ஒரே ஜீவன், அதற்கு மனுக் கொடுத்த காயத்ரிதான்.

சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பாட்டி வீட்டாரும் சர்க்கரை கொடுத்தார்கள். சிறப்புப் பிரிவிலிருந்து ஓலை வந்தது: மனுதாரர் கர்ப்பிணி என்ற நிலையிலிருந்து விலகிவிட்டமையால், கோப்பு பாலூட்டும் தாய்மார் மேஜைக்கு மாற்றப்படுகிறது. அந்த மேஜை அதே அறையில் ஜன்னலோரம் இருந்தது. அதற்கும் மாரிச்சாமிதான் எழுத்தர். இந்த நாற்காலியிலிருந்து எழுந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து, தான் அனுப்பிய கோப்பைத் தானே பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட அவருக்கு ஆடி மாதம் வரை பிடித்தது.

ஆவணியில் குழந்தையோடு நேரில் வரச் சொன்னார்கள்.

"குழந்தை எதுக்குங்க?"

"பால் குடிக்கறது குழந்தைதானுங்களே. பாதிக்கப்படக் கூடிய தரப்பு. அது கருத்தையும் கேக்காம முடிவு பண்ணினா நாளைக்குக் கோர்ட்ல நிக்காதுங்க."

குழந்தையை மேஜைமேல் படுக்க வைத்து, பக்கத்தில் கோப்பை விரித்தார்கள். குழந்தை நாச்சிமுத்துவின் பளபளப்பைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தது. பிறகு தன் கருத்தைக் கோப்பின் மீதே, மூன்று பக்கம் ஊறும்படி தெரிவித்தது. கோப்பு காயும்வரை நடவடிக்கை நிறுத்தி வைக்கப்பட்டது. மழைக்காலம் என்பதால் அது காயவே இல்லை.

ஒரு மார்கழி போய் இன்னொரு மார்கழி வந்தது. காயத்ரியின் கன்னம் வெடித்தது, ஆறியது, மறுபடி வெடித்தது. குழந்தை நடந்தது, ஓடியது, பால்குடி மறந்து தோசை கேட்டது. அந்த வாரம் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நாச்சிமுத்துவும் மாரிச்சாமியும் ஆப்பிளும் மல்லிகைப்பூவும் வைத்த தட்டோடு குன்னூர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் என்றே எதிர்வீட்டில் நினைத்தார்கள்.

இறுதி ஆணையை நாச்சிமுத்து நின்றுகொண்டே வாசித்தார். "மனுதாரர் தற்போது கர்ப்பிணியும் அல்லர், பாலூட்டுபவரும் அல்லர் எனத் தெளிவாவதால், மேற்படி பூச்சினை அவர் பூசலாம்." வாசித்து முடித்ததும் ஆணையை மடித்து அவள் கையில் கொடுத்தார். "மனு முடிஞ்சு போச்சுங்க அம்மிணி. மேல இருந்து கேட்டுப்போட்டாங்க, வேற வழியில்லீங்க. இனி ஆபீசு நெலைக்கறது உங்க கையிலதான் இருக்குது." பிறகு தட்டை முன்னால் நீட்டி, தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்:

"அடுத்தது எப்பங்க?"

வேலாமணிக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா கண்ணு, நாங் கேட்டா மூஞ்சியத் திருப்பிக்குவ. இப்பக் கவர்மெண்டே வந்து கேக்குது."

"பெத்துக்கறதா இல்லீங்க" என்றாள் காயத்ரி.

மாரிச்சாமி விடவில்லை. "நீங்க பெத்துக்காட்டியும் பரவால்லைங்க. பெத்துக்கறவங்களைப் புடிச்சுக் குடுங்க. உங்களைவிட அனுபவமான மனுதாரர் இந்த ஜில்லாவுல கிடையாது." பையிலிருந்து ஓர் அடையாள அட்டையை எடுத்தார். கழுத்தில் மாட்டும் நீல நாடா. கௌரவ ஆலோசகர், குன்னூர் வட்டம். அவள் போட்டோகூட ஒட்டியிருந்தது.

வேண்டாம் என்று சொல்லத்தான் காயத்ரி வாயெடுத்தாள். ஆனால் நீல நாடா அழகாக இருந்தது. சும்மா கழுத்தில் போட்டுப் பார்த்தாள்.

மறுநாள் பரிசோதனைக்குக் குழந்தையைக் கொண்டு போனபோது டாக்டர் மாலதியிடம் ஆணையைக் காட்டினாள். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆணைதான் வந்திருச்சே, இனி நான் சொல்லலாம். சாதாரண கிளிசரின் கிரீம்மா அது. ரெட்டினால்னு ஒண்ணு இருக்கு, அதுதான் கர்ப்பத்துல ஆகாது. இதுல அது இல்லவே இல்லை. நீங்க அன்னைக்கே பூசிருக்கலாம்."

காயத்ரிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இரண்டுமே எரிந்தன. வரும் வழியில் பஜார் முழுக்கக் கேட்டாள். முகிலா கிரீம் எந்தக் கடையிலும் இல்லை.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டு ஸ்வேதா வந்தாள். கல்யாணமாகி முதல் பனிக்காலம், வயிற்றில் நாலு மாதம். கன்னம் இரண்டும் சிவந்து வெடித்திருந்தன. முந்தானைக்குள்ளிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். பிரிக்காத முகிலா கிரீம்.

"அக்கா, கூடலூர்ல எங்க அண்ணன் எங்கியோ தேடி வாங்கி அனுப்புச்சுங்க. டாக்டர் ஊட்டிக்குப் போகச் சொல்றாங்க. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமாம். பூசலாமாக்கா, கூடாதா? ஒரே வார்த்தை சொல்லுங்க."

அந்த ஒரு வார்த்தை காயத்ரியின் நாக்கு நுனியில் இருந்தது. இத்தனை நாள் பட்டபாடெல்லாம் நினைவுக்கு வந்தது. மாரிச்சாமியின் பெண்ணும் அதன் கூட்டாளிகளும் நினைவுக்கு வந்தார்கள். நீல நாடாவை ஒருமுறை சரிசெய்துகொண்டாள். பிறகு டப்பாவைப் பார்த்தாள்.

"வாய்மொழியாச் சொல்லக் கூடாது கண்ணு" என்றாள். "மனு எழுதிக் குடுத்துரு, நானே ஊட்டிக்கு அனுப்பிடறேன். மாதிரியை வெச்சுட்டுப் போ."

ஸ்வேதா போனதும் கதவைச் சாத்திவிட்டு மூடியைத் திறந்தாள். குளிர்ச்சியாக, வழவழவென்று, கன்னத்தில் வெண்ணெயாக இறங்கியது. கண்ணாடி முன்னால் நின்று மெதுவாகச் சிரித்துப் பார்த்தாள். எரியவில்லை. மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கடவுளே, எம்மருமவ சிரிச்சுட்டா" என்று ஆப் சந்தேகப்பட்ட அதே விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டார்.

எதிர்வீட்டில்தான் இப்போது கொஞ்சம் வருத்தம். புது மருமகள் எப்போது பார்த்தாலும் உர்ரென்று இருக்கிறாளாம். என்ன கோபமோ தெரியவில்லை என்று ஸ்வேதாவின் மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.