சீமைப் புறா

“என்னங்க, எதிர்ல அது என்ன பொட்டி?” என்று புஷ்பவல்லி கேட்டபோது சின்னையாவின் கையிலிருந்த கோப்பி தளும்பியது.

அது எண்பத்தெட்டாம் வருஷம். மலேசியாவில் டெங்கில் பக்கம் அந்தச் செம்பனைத் தோட்டத்தில் எலித் தொல்லை தாங்காமல் நிர்வாகம் ஆந்தையைக் கூப்பிட்டிருந்தது. கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்தால் ஆந்தை தானே வந்து குடியேறும். அப்படி ஒரு பெட்டியைச் சின்னையா வீட்டுக்கு நேர் எதிரே நட்டுவிட்டார்கள்.

ஆந்தை வீட்டைப் பார்த்தால் சாவு விழும் என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் சொல்வார்கள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து முழுகாமல் இருப்பவளிடம் அதைச் சொல்லலாமா?

“புறா லா. ஆபீஸ்ல புறா வளக்குறாங்க.”

“புறாவா! அப்ப தெனம் அரிசி போடுறேன்.”

போட்டாள். அரிசிக்கு எலி வந்தது. எலிக்கு ஆந்தை வந்தது. நாளாக நாளாகப் பெட்டிக்குள் குஞ்சுகள் பாம்புபோலச் சீறின.

“புறா இப்படியா கத்தும்?”

“இது சீமைப் புறா. அதோட பாஷை வேற.”

கம்பத்தடியில் எலி மயிரும் எலும்புமாகக் கறுப்பு உருண்டைகள் விழுந்தன.

“சீமைப் புறா எலி திங்குமா?”

“அங்கெல்லாம் அரிசி கெடைக்காதில்ல.”

“ஓஹோ” என்றாள். இவ்வளவு சுலபமாக நம்புகிறாளே என்று அவனுக்கு நிம்மதியாகவும் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. மற்றபடி அவனுக்கென்று பயம் எதுவும் இல்லை. பின்வாசல் வழியாக வேலைக்குப் போய் வந்தான், அவ்வளவுதான்.

காரியத்தைக் கெடுத்தது, புறாக் கதையை நம்பியிருந்த பக்கத்து வீட்டுத் தங்கமணி அக்கா. “புள்ளத்தாச்சிக்குப் புறா சூப்பு அவ்ளோ நல்லது. ரெண்டு புடிச்சுக் குடேன் தம்பி!”

புஷ்பா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்ததால் மறுக்க வழியில்லை. பாசாரில் இரண்டு புறா வாங்கிச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை லயமே வேடிக்கை பார்க்க ஏணி ஏறினான். பெட்டிக்குள் கைவிடுவதுபோல் நடித்துவிட்டுச் சட்டையிலிருந்து எடுத்துக் காட்டிவிடலாம் என்பது திட்டம்.

கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கையை நீட்டினான். உள்ளேயிருந்து உஸ்ஸென்று ஏதோ பாய்ந்தது. சட்டைப் பொத்தான்கள் தெறிக்கப் புறாக்கள் ஒரு பக்கம் பறந்தன. சின்னையா ஏணியோடு வாழைப் புதரில் சாய்ந்தான். வெள்ளை முகத்து ஆந்தை அவன் வீட்டுக் கூரைமேல் போய் உட்கார்ந்து, கழுத்தை முழுசாகத் திருப்பி அவனையே பார்த்தது.

“புஷ்பா, பாக்காத! உள்ள போ!”

ஏழு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவள் வெளியே ஓடி வந்தாள். புதரருகே உட்கார்ந்து அவன் கண்களை இரு கையாலும் பொத்தினாள்.

“நீங்க பாக்காதீங்க. ஒண்ணுமில்ல. புறாதான், சீமைப் புறாதான்.”

அவள் கை நடுங்கவேயில்லை. அவன்தான் நடுங்கிக்கொண்டிருந்தான்.

சத்தம் கேட்டு ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி கன்னையா சைக்கிளில் வந்து இறங்கினார். விழுந்து கிடந்தவனைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

“இதுக்குத்தாம்மா அன்னைக்கே வேணாம்னேன்! ‘பொறக்கப்போற புள்ளய எலி கடிச்சிடும், எங்க வீட்டெதிர்ல ஆந்தைப் பொட்டி வைங்க, அவருக்கு மட்டும் தெரியவேணாம், பயந்துக்குவாரு’ன்னு ஆபீஸ் வாசல்ல வந்து நின்னது நீதானே?”