மொட்டைமாடிக் குழாயில் வந்த புகை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது. நீங்களும் என் மகளும் தவழத் தொடங்கிவிட்ட பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் நேற்று நடந்ததில் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மழை வந்தால் நம் வாசலில் பாதாளச் சாக்கடை மூடி தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் கழிவுநீர் ஓடுவதும், "அது நிக்கிற வரைக்கும் குழந்தையக் கூட்டிட்டு வரமாட்டேம்ப்பா" என்று மகள் ஒரே பிடியாக இருப்பதும் நீங்கள் அறிந்ததே. பேரன் முகத்தைப் பார்த்து ஏழு மாதம் ஆகிறது. அந்த ஏக்கத்தில்தான் எதிர்வீட்டுத் தையல்காரர் மேல் பதினொரு மனு போட்டேன். அவர் மழைத்தண்ணீரைச் சாக்கடைக்குள் விடுகிறார் என்று எனக்குச் சந்தேகம். ஆதாரம் என்று ஒன்றுமில்லை, என் சன்னலில் இருந்து பார்த்தால் அவர் வீடுதான் தெரிகிறது.

நேற்றுக் காலை பாதிச் சவரத்தில் இருக்கும்போது உங்கள் அத்தை, "மாடியில புகை வருதுங்க" என்று கத்த, நான் தீயணைப்புக்குப் போன் போட்டுவிட்டு, நுரை முகத்தோடு இரண்டு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஏறினால், மழைநீர்க் குழாயின் வாயிலிருந்து வெள்ளைப் புகை வந்துகொண்டிருந்தது, நானும் யோசிக்காமல் இரண்டு வாளியையும் அதற்குள்ளேயே கவிழ்த்தேன். தெருவில் சாக்கடைக் குழி பக்கம் விசிறி எந்திரத்தோடு நின்றிருந்த மாநகராட்சி இன்ஜினீயர் அண்ணாந்து பார்த்தார். "பெரியவரே, அது நாங்க சாக்கடைக்குள்ள விட்ட புகை. மழைக்குழாயை எந்த வீட்டுல சாக்கடையோட சேத்திருக்காங்களோ அங்கதான் வெளிய வரும். புகை மட்டும் வந்திருந்தா நீங்க மறுத்திருக்கலாம். இப்ப நீங்க ஊத்துன தண்ணியும் இங்க வந்துடுச்சு."

என் மனுக்களுக்காகத்தான் இந்தச் சோதனையாம். முன்கூட்டி வாசலில் ஒட்டிய அறிவிப்பை உங்கள் அத்தை அலமாரித் தட்டில் விரித்திருக்கிறாள். மழைக்குத் தனி வாய்க்கால், கழிவுக்குத் தனிக் குழாய், இரண்டும் கலந்தால் குழாய் கொள்ளாமல் பொங்கும், சுத்திகரிப்பு நிலையமும் திணறும் என்றார் இன்ஜினீயர். நல்ல தண்ணீர் சேர்ந்தால் சாக்கடை சுத்தமாகத்தானே ஆகும் என்று கேட்டேன். அவர் என் முகத்து நுரையையே பார்த்தார். தையல்காரர் வீட்டில் துளிப் புகை இல்லை. அங்கே போகவேண்டிய புகைதான் வழி தவறி இங்கே வந்திருக்க வேண்டும். நீங்கள் சுத்திகரிப்பு நிலையத்திலேயே வேலை பார்ப்பதால், இன்னொரு தரம் புகை விடச் சொல்லுங்கள். நம் வீட்டில் அந்தக் குழாயை யார் இணைத்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
குழப்பத்தில் இருக்கும் மாமனார்

பின்குறிப்பு: மேலே உள்ளதைப் படித்துப் பார்த்த உங்கள் அத்தை, "முற்றத்துல தண்ணி நிக்குதுன்னு நீங்கதானே பிளம்பரக் கூப்பிட்டு மழைக்குழாயச் சாக்கடையில சேத்துவிடச் சொன்னீங்க" என்கிறாள். உண்மைதான். எனக்கு வெட்கமாக இருக்கிறது. தையல்காரரிடம் போய்ச் சொன்னேன், அவர் ரம்பத்தை எடுத்து வந்து இணைப்பை அறுத்துத் தந்தார். இன்று நல்ல மழை, சாக்கடை மூடி அசையவே இல்லை. குழந்தையைக் கூட்டி வாருங்கள். தெருவில் தாராளமாகத் தவழ விடலாம், நம் முற்றத்தில்தான் இறக்கிவிட முடியாது.