கைதட்டி அண்ணாச்சி வீட்டு அருவி

தென்காசியில் கைதட்டி அண்ணாச்சி கை தட்டிப் பார்க்காத கட்டடம் கிடையாது. துக்க வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. தெருவில் யாருக்கும் தெரியாது. உரக்கடை வைத்திருக்கிறார். எங்களுக்கு எதிர்வீடு. புதிதாக எந்த அறைக்குள் நுழைந்தாலும், வீட்டுக்காரர் "வாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் நட்டநடுவில் போய் நின்று 'பட்'டென்று ஒரு தட்டு. பிறகு தலையைச் சாய்த்து, சத்தம் சுவரில் பட்டுத் திரும்புகிறதா என்று கேட்பார்.

"எதிரொலி கெடக்குவே. கனமா ஒரு திரையைத் தொங்க விடும்" என்பார். கேட்காத வீட்டுக்கெல்லாம் இந்த யோசனை இலவசம்.

அந்தத் துக்க வீட்டில் பெண்கள் அழுது ஓய்ந்த இடைவெளியில் தட்டிவிட்டார். கூடமே திரும்பிப் பார்த்தது. செத்தவரின் மூத்த மகன் முறைத்தான். அண்ணாச்சி அசரவில்லை.

"கொசு ஒண்ணு. அய்யா மேல உக்காரப் பாத்துச்சு" என்றார்.

இதையாவது மன்னிக்கலாம். ஒரு கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர், புது மண்டபமாயிற்றே என்று எழுந்து நின்று ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பின்னால் இருந்தவர்களுக்கு வீடியோக்காரர்களின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. தாலி கட்டியாகிவிட்டது என்று அட்சதையை வீசிவிட்டார்கள். அட்சதையைப் பார்த்து மேளக்காரர் கெட்டிமேளத்தைப் பிடித்துவிட்டார். மாப்பிள்ளை இன்னும் தாலியைக் கையில்கூட வாங்கவில்லை. "நிறுத்துங்கோ, முகூர்த்தமே வரலை!" என்று ஐயர் கத்தியது மேளத்தில் அமுங்கிப்போனது. தரையில் பொறுக்கிய அட்சதைதான் உண்மையான தாலிகட்டுக்கு விழுந்தது. அண்ணாச்சி பந்தியில் உட்கார்ந்து நிதானமாகத் தீர்ப்புச் சொன்னார்:

"மண்டபம் நல்லாத்தான் இருக்கு. மேல தகரத்தைப் போட்டுக் கெடுத்துட்டானுவ."

இத்தனைக்கும் காரணம் அவர் வீட்டுப் பின்னறை. அந்த அறைக்குக் காரணம் அவர் மனைவி கோமதி மதினி.

மதினி பிறந்தது மேலகரத்தில். குற்றாலம் கூப்பிடு தூரம் என்பதால், சாரல் காலத்தில் வீட்டில் குளியலறை என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துவிடும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு பேரருவிக்குக் கிளம்பிவிடுவார். பெண் பார்க்க வந்தவர்களுக்கே ஈரத்தலையோடுதான் காபி கொடுத்தாராம். "அந்த ஈரத்துலதான் நான் வழுக்கி விழுந்தது" என்பார் அண்ணாச்சி.

அப்பேர்ப்பட்ட மதினிக்கு இரண்டு மூட்டிலும் ஆபரேஷன் நடந்தது. இனி வழுக்குப்பாறைப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். அந்த வருஷம் சாரல் இறங்கியதும் தெருவே துண்டும் எண்ணெய்ப் புட்டியுமாகக் கிளம்பியது. மதினி வாசலில் நின்று சிரித்த முகமாக எல்லோரையும் வழியனுப்பினார். பிறகு உள்ளே போய், மலைக்காற்று வரும் மேற்கு ஜன்னலை இழுத்துச் சாத்தினார். எனக்கே மனசு கேட்கவில்லை. அண்ணாச்சிக்கு எப்படிக் கேட்கும்?

"நீ வெசனப்படாத. அருவிய நான் வீட்டுக்கே கொண்டாந்துருதேன்" என்றார்.

"ஆமா, உரமூடையில கெட்டித் தூக்கிட்டு வருவியளாக்கும்" என்றார் மதினி.

நெல்மூடை அடுக்கியிருந்த பின்னறை காலியானது. நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் நிற்க வேண்டிய அறை. அதில் பெரிய டிவி, முன்பக்கம் மூன்று ஸ்பீக்கர், மூலையில் தடதடக்கும் ஒரு பெட்டி, சுற்றிலும் சத்தம் வர இரண்டு சரவுண்டு ஸ்பீக்கர். கைதட்டிப் பார்க்கிற பழக்கம் அங்கேதான் ஆரம்பித்தது. எதிரொலியை அடக்கச் சுவரில் ஜமுக்காளம் தொங்கியது. ஜமுக்காளம் தீர்ந்ததும் மதினியின் பட்டுப்புடவைகள் ஏறின.

"விசேஷ வீட்டுக்குப் போவணும், அந்த அரக்குச் சேலைய எடுத்துத் தாங்க."

"அது எதிரொலிய உறிஞ்சிட்டு இருக்குட்டி. வேற சேலை கெட்டு."

மற்ற ஸ்பீக்கர்கள் சாதுவாக உட்கார்ந்துவிட்டன. அந்தச் சரவுண்டு இரண்டும்தான் குடும்பத்தைக் கெடுத்தன. முதலில் பின்சுவரில் மாட்டினார். நாற்காலியும் பின்சுவரை ஒட்டிக் கிடந்ததால், சத்தம் பிடரியிலேயே நின்றுவிட்டது. நாற்காலியை அறை நடுவுக்கு இழுத்து, ஸ்பீக்கரைப் பக்கச்சுவர்களில் காது மட்டத்துக்கு இறக்கினார். கை நீட்டினால் சுவர் தட்டும் அறை அது.

"ரெண்டு பொம்பளைய ரெண்டு காதுலயும் கோள் சொல்லுத மாதிரி இருக்கு" என்றார் மதினி.

சரி என்று காதுக்கு மேலே இரண்டடி ஏற்றினார். முகத்தைப் பார்க்காமல், தலைக்கு மேலாக எதிர்ச்சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். இரண்டும் ஒரே தூரம்தானா என்று பார்க்க நாற்காலியிலிருந்து நூல் கட்டினார். காபி கொண்டுவந்த மதினி நூலில் சிக்கி, காய் நறுக்கும் கத்தியால் அறுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

இந்தச் சோதனைகளுக்கெல்லாம் மதினிக்குப் பதில் நாற்காலியில் உட்கார்ந்த தலை என்னுடையது. "உம்ம தலையும் அவ தலையும் ஒரே உசரம்வே" என்று அழைத்துப் போவார். நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னால் மட்டும் ஏற்றுக்கொள்ள மாட்டார்.

"உமக்கு என்னவே தெரியும்? நீரு வாளித்தண்ணியில குளிக்க ஆளு."

அருவிச் சத்தத்தையும் அவரே பிடித்துவருவார். கேமரா இல்லாத குட்டி ரெக்கார்டர் இரண்டை பிளாஸ்டிக் பையில் கட்டி, ஒன்றை நெஞ்சிலும் ஒன்றை முதுகிலும் தொங்கவிட்டுக்கொண்டு பேரருவிக்குள் நுழைவார். நெஞ்சில் பிடித்தது முன்ஸ்பீக்கருக்கு, முதுகில் பிடித்தது சரவுண்டுக்கு. மதினி உட்கார்ந்து கேட்பார். ஒரு நாள் "அப்பளம் பொரியுது" என்றார். இன்னொரு நாள் அவர் காதில் பம்புசெட்டு ஓடியது. ஒரு தடவை லாரி ஏற்றத்தில் ஏறியது.

கடைசியில் ஒரு நாள், சாரல் அடிக்கிறதென்று நானே காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டேன். அப்படி இருந்தது சத்தம். மதினியைக் கூட்டிவந்து உட்காரவைத்தார். மதினி கண்ணை மூடி முழுக்கக் கேட்டார்.

"அருவிதான்" என்றார்.

அண்ணாச்சி முகம் மலர்ந்தது.

"ஆனா என் அருவி இல்ல."

மலர்ந்த முகம் அப்படியே வாடிவிட்டது. திருப்புளியை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினார். சுவரில் இனி ஓட்டை போட இடமில்லை. என் வீட்டுக்காரி செல்வி தோசைமாவுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ஏன் அண்ணாச்சி, இது ஆம்பளைய பக்கம்லா?"

அண்ணாச்சி ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டார். பேரருவியில் ஆண்களுக்குத் தனிப் பக்கம், பெண்களுக்குத் தனிப் பக்கம் என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். மதினி ஆயுசு முழுக்கக் குளித்தது பெண்கள் பக்கம். இவர் ஸ்பீக்கரை விரல்கடை விரல்கடையாக நகர்த்திக்கொண்டே, ஆண்கள் பக்கத்துத் தண்ணீரை அந்த அம்மாள் தலையில் கொட்டியிருக்கிறார். "ஏலே, முதுகைத் தேய்லே" என்று கத்துகிற தடியன்கள் நடுவில் மதினி எப்படி நிம்மதியாகக் குளிப்பார்?

"நீயாவது சொல்லக் கூடாதாட்டி?" என்று மதினியிடம் கேட்டார்.

"எனக்கு என்ன தெரியும்? கண்ண மூடுனா ஒரே கூச்சமா இருந்துச்சு. ஏன்னுதான் தெரியல" என்றார் மதினி.

அடுத்த நாளே ரெக்கார்டர் இரண்டும் செல்வி மேல் தொங்கின. தண்ணீருக்குள் நுழையும் முன் ஒரு தட்டுத் தட்ட வேண்டும், அதை வைத்துத்தான் இரண்டு சத்தத்தையும் ஒன்றாகச் சேர்க்க முடியும் என்று அண்ணாச்சி குற்றாலம் போய்ச் சேரும்வரை பாடம் நடத்தினார். பெண்கள் பக்கம் நின்றிருந்த பெண் போலீஸ் அவளை மறித்தது தூரத்தில் தெரிந்தது. ரெக்கார்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கேமரா இல்லை என்று தெரிந்த பிறகுதான் கதை கேட்டாராம்.

"மூட்டு ஆபரேஷனா? எங்க அம்மைக்கும் அதான். நல்லா உள்ள போயி நில்லுங்க" என்று அவரே வழி விட்டாராம்.

நானும் அண்ணாச்சியும் சிப்ஸ் கடை ஓரம் நின்றோம். அருவி இரைச்சலில் நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. திடீரென்று அண்ணாச்சி என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"தட்டிட்டா!"

அவருக்குக் கேட்டதா, ஆசையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சாயங்காலம் மதினி நாற்காலியில் உட்கார்ந்தார். நானும் வழக்கம்போல ஓரமாக உட்காரப் போனேன். அண்ணாச்சி என் கையைப் பிடித்து வெளியே தள்ளினார்.

"பொம்பளைய பக்கம்வே. நீரு வெளிய நில்லும்."

பொத்தானை அமுக்கிவிட்டு ஒரு கணம் தயங்கினார். அப்புறம் அவரும் வெளியே வந்து கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு என் பக்கத்தில் நின்றுகொண்டார். உள்ளே செல்வியின் கைதட்டு கேட்டது. அடுத்த நொடி தண்ணீர் விழ ஆரம்பித்தது. வளையல் சத்தம், சிரிப்பு, யாரோ குழந்தையைக் கூப்பிடும் குரல். மதினி கண்ணை மூடியிருந்தார். அவருக்குப் பக்கத்திலிருந்து, அத்தனை நாள் அண்ணாச்சி ஏற்றி இறக்கிய அந்த ஸ்பீக்கரிலிருந்து, ஒரு பெண் அதட்டினாள்:

"ஏட்டி, கொஞ்சம் தள்ளி நில்லேன். தண்ணி பூரா ஒனக்குத்தானா?"

மதினி நாற்காலியில் மெல்ல நகர்ந்து இடம் விட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முகம் நிஜமாகவே நனைந்திருந்தது.

அண்ணாச்சி கை தட்டினார். ஒரு தட்டோடு நிறுத்தவில்லை, தட்டிக்கொண்டே இருந்தார். தலையைச் சாய்க்கவும் இல்லை, எதிரொலி கேட்கவும் இல்லை.

"யாரு அது, பொம்பளைய குளிக்க எடத்துல கை தட்டுதது?" என்று உள்ளிருந்து மதினி அதட்டினார். கண்ணைத் திறக்கவில்லை.

"கேட்டீராவே? அவ அருவிக்குள்ளதான் நிக்குதா" என்றார் அண்ணாச்சி.

அந்த மனுஷனை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது எனக்கு. கூச்சமாகவும் இருந்தது. அதனால் நானும் அவரோடு சேர்ந்து தட்டினேன்.