மன்சூர் பாய் பாட்டு

கொடியேற்றத்துக்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. கோட்டுச்சேரி மாதா கோயில் வாசலில் மன்சூர் அலி கடைசி ஸ்பீக்கர் பெட்டியை நிமிர்த்தி வைத்தபோது, பங்குத்தந்தை ஆரோக்கியஜோசப் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"பாய், டெஸ்டிங்குக்கு நீங்க போடுற பாட்டு மேல ஒரு புகார் வந்துருக்கு. எதிர்வீட்டு ஞானசௌந்தரி டீச்சர் சொல்றாங்க, அந்தப் பாட்டை நீங்க..."

"புரிஞ்சிடுச்சு ஃபாதர். இனிமே கேக்காது."

"முழுசாக் கேளுங்க. அவங்க என்ன சொல்றாங்கன்னா..."

"ஓகே ஃபாதர். விடுங்க."

எதையும் பாதியில் நிறுத்துவது மன்சூருக்குத் தொழிலில் வந்த பழக்கம். மேடையில் ஒருவர் "நன்றி" என்று வாயெடுத்தால் 'ந'விலேயே மைக்கை அணைத்துவிடுவார்.

டெஸ்டிங்குக்கு அவர் போடுவது ஒரு பழைய ராக் ஆல்பத்தின் முதல் பாட்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த ஊர்க்காரர் ஒருவர், லீவில் வந்தபோது ரேடியோவைச் சரிசெய்து கொடுத்த மன்சூரின் வாப்பாவுக்கு அன்பளிப்பாகத் தந்த கேசட். அட்டையில் தலைமுடி தோளில் புரளும் நான்கு பேர் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். முதலில் ஒற்றை கிட்டார், இரும்புக் கிராதியில் சாவிக்கொத்தை இழுத்தாற்போல. கீச்சுக்குரலுக்கான ட்வீட்டர் நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அப்புறம் பேஸ். பெட்டிக்குள் ஸ்பீக்கர் கிழிந்திருந்தால் அங்கேயே காட்டிக்கொடுக்கும். அப்புறம் டிரம்ஸ். தெருக்கோடி வரை எவர்சில்வர் பாத்திரங்கள் நடுங்கும். எல்லாம் சேர்ந்து உச்சிக்கு ஏறி, பாடகர் மூச்சை இழுப்பார். அங்கே மன்சூர் நிறுத்துவார்.

"செக் ஓகே."

கூம்புக் குழாய் போய்ப் பெட்டி வந்தது. கேசட் போய் பென்டிரைவ் வந்தது. மற்ற பாட்டெல்லாம் அடுத்த பொங்கலுக்குள் பழசாகிவிடும். இது ஆகவில்லை. நிக்காஹ், கும்பாபிஷேகம், கந்தூரி, கட்சிக் கூட்டம், எதுவானாலும் இதுதான். ஊரில் இதற்குப் பெயர் மன்சூர் பாய் பாட்டு.

"டீச்சராத்தான் இருக்கும்னு எனக்கு அப்பவே தெரியும் மச்சான்," என்றான் கபீர். மன்சூரின் மனைவிக்குத் தம்பி. ஒயர் இழுப்பதும் அவன்தான், ஊர்க்கதை இழுப்பதும் அவன்தான். "நாம செக் ஓகேன்னதும் அந்தம்மா ஜன்னலை டமார்னு சாத்தும். பாத்ததில்லையா?"

"வேற ஏதாச்சும் போடுடா. அடக்கமா."

போன வாரம்தான் புது சவுண்டு கம்பெனிக்காரன் ஒருவன் வண்ணப் படங்களோடு ஃபாதரைப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். வாப்பா காலத்திலிருந்து கைமாறாத திருவிழா. ஒரு பாட்டுக்காக அதை விட முடியுமா?

கபீர் நாகஸ்வரம் போட்டான். கெட்டிமேளம் முழங்கியது. கொஞ்ச நேரத்தில் பட்டுப்புடவையில் இரண்டு பெண்கள் வந்து, பந்தி எந்தப் பக்கம் என்று கேட்டார்கள்.

"அடக்கமான்னா இதுவாடா?"

கபீர் வயலின் போட்டான். தனி வயலின். இழைந்து இழைந்து அழுதது. தெருவில் சைக்கிளில் போனவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். பூக்கடைத் தங்கப்பன் ஆளுயர மாலையோடு வந்து நின்றார்.

"எப்ப ஆச்சு பாய்?"

"என்ன எப்ப ஆச்சு?"

"பெரிய ஃபாதர்தானே? நேத்துகூட இருமினாரு."

பெரிய ஃபாதர் சவரிநாதன் ஓய்வுபெற்று மாடியில் இருக்கிறவர். சத்தம் கேட்டு, பனியனோடு அவரே இறங்கி வந்தார்.

"யாருப்பா செத்தது?"

"நீங்கதான் ஃபாதர்," என்றான் கபீர்.

மன்சூர் அவசரமாக மைக்கை எடுத்தார். அதைப் பெரிய ஃபாதர் கையிலேயே கொடுத்தார். "நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க ஃபாதர். ஊர் அடங்கிடும்."

பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அன்பார்ந்த இறைமக்களே, சவரிநாதன் பேசுகிறேன். நான் சாகவில்லை. எங்கும் போகவில்லை. உங்களோடுதான் இருக்கிறேன்."

நான்கு தெருவுக்கு அந்தக் குரல் போயிற்று. போன இடமெல்லாம் ஒப்பாரி எழுந்தது.

"முன்னாடியே பதிஞ்சு வச்சிருந்துருக்காரு பாரு, மகான்," என்று மதிலுக்கு வெளியே யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

கொடியேற்றும் நேரம் வந்துவிட்டது. புதுச்சேரியிலிருந்து வந்த விருந்தாளிக் குருவானவர் காரைவிட்டு இறங்கினார். மைதானத்தில் கொடிமரம் இருந்தது, கொடி இருந்தது, ஒரு நாய் இருந்தது.

"பாய், ஜனங்க எங்க?" பங்குத்தந்தை மறுபடி அங்கியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "கயிறு இழுக்குற ஆளுங்க எங்க?"

"ஐஸ் பெட்டி எடுத்தாரப் போயிருக்காங்க ஃபாதர்," என்றார் தங்கப்பன். பெரிய ஃபாதர் எதிரிலேயே நிற்பதால் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தார். "எங்களைச் சொல்லி என்ன? திருவிழான்னா பாய் பாட்டு வரும். அதைக் கேட்டுட்டுத்தான் ஊரே குளிக்கக் கிளம்பும். இன்னைக்கு வரலை. நாங்க என்னன்னு நினைக்கிறது?"

மன்சூர் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தார். ஞானசௌந்தரி டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

போட்டால் திருவிழா கைவிட்டுப் போகும். போடாவிட்டால் திருவிழாவே இல்லை.

"கபீரு, அதை எடு."

"டீச்சர் பாக்குறாங்க மச்சான்."

"பாக்கட்டும். வால்யூமைக் கூட்டு."

ஒற்றை கிட்டார் இரும்பை உரசிக்கொண்டு கிளம்பியது. நாய் எழுந்து உட்கார்ந்தது. பேஸ் வந்தது. தெருமுனையில் ஒருவன் துண்டோடு ஓடிவந்தான். அவன் பின்னால் பத்துப் பேர். டிரம்ஸ் விழுந்தது. கதவுகள் திறந்தன. வெள்ளைப் புடவைகள் உள்ளே போய்க் கலர் புடவைகளாகத் திரும்பின. கயிறு இழுக்கிறவர்கள் ஐஸ் பெட்டியைச் சாலையோரம் போட்டுவிட்டுப் பாய்ந்தார்கள். தங்கப்பன் கையிலிருந்த மாலையைக் கொடிமரத்துக்கே சாத்தினார். பெரிய ஃபாதரைக் கண்டவர்கள் முதலில் அலறி, பிறகு தோளில் தூக்கினார்கள். விருந்தாளிக் குருவானவரின் ஷூ தரையில் தாளம் போட்டது. மைதானம் நிரம்பி, தெரு நிரம்பி, மதில்மேலும் ஆள் ஏறியது.

மன்சூர் நெஞ்சு நிமிர்ந்து நின்றார். போனால் போகட்டும். இந்த ஊரை இந்தப் பாட்டுத்தான் கூட்டும். இதைப் போட அவர்தான் வேண்டும்.

எல்லாம் சேர்ந்து உச்சிக்கு ஏறின. பாடகர் மூச்சை இழுத்தார். மன்சூரின் விரல் தானாகப் பொத்தானுக்குப் போனது.

ஒரு கை அதைத் தட்டிவிட்டது. மூச்சிரைக்க ஞானசௌந்தரி டீச்சர் நின்றிருந்தார்.

"ஃபாதர்ட்ட நான் குடுத்த புகாரே அதான் பாய், இன்னைக்காச்சும் அந்த மனுசனைப் பாட விடுவீங்களா, மாட்டீங்களா?"