கடலுக்கடியில் ஒரு ‘ம்’

இந்தக் கதையைத் தப்பாகச் சொன்னால் கீழ்வீட்டு லிஃப்ட் மெக்கானிக் என்னிடம் சண்டைக்கு வருவார். சரியாகச் சொன்னால் கட்டாயம் வருவார். அந்தப் பயத்தோடுதான் ஆரம்பிக்கிறேன். எங்காவது முன்னே பின்னே ஆகிவிட்டால் அவர் மனைவியைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அவரைக் கேட்காதீர்கள். “ம்” என்பார்.

இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவர் பேசியதில் முக்கால்வாசி அந்த ஓர் எழுத்துதான். மனைவி வீட்டிலேயே பள்ளிக்கூடச் சட்டைகள் தைக்கிறவள். மெஷினை மிதித்துக்கொண்டே பேசுவாள். ஒரு காலர் வைத்து முடிப்பதற்குள் நாலு கேள்வி வந்துவிடும்.

“கதவைப் பூட்டினீங்களா?”

“ம்.”

“குழாயை மூடினீங்களா?”

“ம்.”

“நான் சொல்றது காதுல விழுதா?”

“ம்.”

ஒரு நாள் அவருடைய பொறுமை அறுந்தது. எந்த மனைவியாலும் வாய் திறக்க முடியாத இடம் உலகத்தில் ஒன்றே ஒன்று உண்டு என்று கண்டுபிடித்தார். கடலடி. மறுநாளே, காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலடியில் நீந்தச் சொல்லித்தரும் ஸ்கூபா பயிற்சிப் பள்ளியில் சேர்ந்துவிட்டார். எழுத்துத் தேர்வு ஒன்று, நீச்சல் குளத்தில் செய்முறைத் தேர்வு ஒன்று. இரண்டிலும் தேறிவிட்டால் சான்றிதழ். அப்புறம் ஞாயிறுதோறும் பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் ஆனந்தம்.

“எதுக்குங்க இந்த வயசுல?”

“உடம்புக்கு நல்லது.”

“ரெண்டு மாடி ஏறினாலே உங்களுக்கு மூச்சு வாங்குது.”

“நான் எதுக்கு மாடி ஏறணும்? நான் லிஃப்ட் மெக்கானிக். மேல போறதும் கீழ போறதும் என் தொழில்.”

“உங்க லிஃப்ட் பாதியில நின்னா மணி அடிக்கலாம். கடல்ல எந்த மணிய அடிப்பீங்க?”

அவர் பயிற்சிப் புத்தகத்தை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

பாடம் மனப்பாடம் ஆகாததால், கேள்வி கேட்கச் சொல்லிப் புத்தகத்தை அவள் கையிலேயே கொடுத்தார். அதுதான் மகா தப்பு. அவள் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். வரிக்கு வரி விரல் வைத்துத்தான் படிப்பாள். ஆனால் படித்தது தையல் போட்ட மாதிரி நிற்கும்.

“தண்ணிக்குள்ள எப்பவுமே செய்யக் கூடாதது என்ன?”

அவர் மோட்டுவளையைப் பார்த்தார். முகம் சிவந்தது.

“மூச்சை அடக்கக் கூடாது. இப்ப என்ன பண்றீங்க?”

“யோசிக்கிறேன்.”

“மூச்சை அடக்கிக்கிட்டு யோசிக்கிறீங்க. விடுங்க முதல்ல!”

அது அவருடைய தொழில் கொடுத்த பழக்கம். கை நடுங்கி ஒரு சின்னத் திருகாணி லிஃப்ட் குழிக்குள் விழுந்தால் அரை நாள் வேலை பாழ். அதனால் திருகாணியைத் தொட்டாலே மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். நாளடைவில் ஊசியில் நூல் கோர்த்தாலும் அப்படித்தான், பேப்பர் படித்தாலும் அப்படித்தான்.

அவள் அடுத்த வரியில் விரலை வைத்தாள். மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் நுரையீரல் கிழிந்துவிடும் என்று போட்டிருந்தது. மெஷினை மிதித்த கால் அப்படியே நின்றுவிட்டது.

“வேண்டாங்க. எனக்குப் பயமா இருக்கு.”

“எட்டாவதோட நின்னவ எனக்குப் பாடம் எடுக்காதே.”

“நீங்க சேர்ந்த பள்ளிக்கூடத்துல காலை வகுப்பும் உண்டா?”

“ம்,” என்றார், காதில் வாங்காமலே.

“ம்,” என்றாள் அவளும். அவர் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

எழுத்துத் தேர்வில் மயிரிழையில் தேறினார். குளத்தில்தான் வினை. அடியில் மண்டியிட்டு, வாயில் கவ்வியிருக்கும் காற்றுக் குழாயை எடுத்துவிட்டு, மறுபடியும் வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு நேரமும் குமிழி குமிழியாக மூச்சு விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவரோ திருகாணி முடுக்குகிற மாதிரி விறைத்துப்போய் மண்டியிட்டிருந்தார். பயிற்சியாளர் கையைப் பிடித்து மேலே கொண்டுவந்தார். இரண்டாவது தடவையும் அதே கதை.

“சார், ஒரு குமிழி கூட வரலையே! உள்ள உயிரோடதான் இருந்தீங்களா?”

“கவனமா இருந்தேன்!”

“கவனம் போதும் சார், மூச்சு விடுங்க. அடுத்த வாரம் கடைசி வாய்ப்பு. அதுலயும் இப்படின்னா சான்றிதழ் கிடையாது.”

அவர் வீடு அதிரக் கத்தினார். “அநியாயம்! என் நுரையீரல், என் காத்து. நான் விடுவேன், வெச்சுக்குவேன். இவன் யாரு கேக்கறதுக்கு?”

மனைவி காலர் தைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் குளத்தங்கரையில் பயிற்சியாளர் சொன்னார்: “தனியா யாரும் இறங்கக் கூடாது. உங்க ஜோடி வந்தாச்சு.”

தலை முதல் கால் வரை கறுப்பு ரப்பர் உடை. கண்ணை மறைத்துக் கண்ணாடி. அந்த உருவம் விதிப்படி அவருடைய வார்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தது. கடைசியில், எந்த விதியிலும் இல்லாதபடி, கழுத்துப் பட்டையை நீவி இரண்டு தட்டு தட்டியது. இருபத்திரண்டு வருஷமாக வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் தினமும் சட்டைக் காலரில் வாங்குகிற தட்டு!

“நீயா!”

“நானேதான். மூணு வாரமா காலை வகுப்பு. நீங்க வேலைக்குப் போனதும் கிளம்பிடுவேன். எழுத்துத் தேர்வுல நூத்துக்கு நூறு.”

“இது அக்கிரமம்! மோசடி! நான் நிம்மதியா இருக்கத்தானே...”

பயிற்சியாளர் குழாயை அவர் வாயில் செருகிவிட்டார்.

குளத்தின் அடியில் இருவரும் எதிரெதிரே மண்டியிட்டார்கள். அவர் குழாயை எடுத்தார். வழக்கம்போல மூச்சு நின்றது. அவள் இரண்டு விரலால் தண்ணீரில் ஒரு சாவியைத் திருகுவது போலக் காட்டினாள். கதவைப் பூட்டினீங்களா?

பழக்கம் கோபம் தணியும்வரை காத்திருக்குமா? “ம்” என்றார். கொத்தாகக் குமிழிகள்.

வீட்டுத் தண்ணீர்க் குழாயை மூடுவது போலக் கையைச் சுழற்றினாள். “ம்.” இன்னொரு கொத்து. காதைத் தொட்டுக் காட்டினாள். “ம்ம்!” அது ஆத்திரத்தோடு வந்ததால் குமிழிகள் ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழ அளவு இருந்தன.

தேறிவிட்டார். சான்றிதழைக் கொடுக்கும்போது பயிற்சியாளர் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘இந்த ஜோடியுடன் மட்டும்.’ அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் அவர் யாரோடும் பேசவில்லை. வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

முதல் ஞாயிறு. பன்னிரண்டு மீட்டர் ஆழம். எங்கும் அமைதி. ஒரு மஞ்சள் மீன் அவர் மூக்குக்கு நேரே வந்து நின்றது. மெய்மறந்தார். மூச்சும் நின்றது. அடுத்த நொடி, மீனுக்கும் அவருக்கும் நடுவே இரண்டு விரல்கள் வந்து சாவியைத் திருகின.

“ம்,” என்றார்.

கதவைப் பூட்டியது அவள்தான். சாவி அவளுடைய உடைக்குள் பத்திரமாக இருந்தது. இருந்தாலும் கேட்டாள். கேட்டால்தானே மனுஷன் மூச்சு விடுகிறார்!