ஊதா வால்

பருப்பு டப்பாவின் மூடிமேல் உட்கார்ந்திருந்த சுண்டெலி, சபரிநாதனைப் பார்த்த பிறகும் நகரவில்லை. திருவிடைமருதூர் வட்டாரத்திலேயே எலி விஷயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பது அதற்குத் தெரியாது போலிருக்கிறது.

அவர் உதவி வேளாண்மை அலுவலர். அந்த வாரம் எலி ஒழிப்பு வாரம். வயல் வரப்புகளில் வளை வெட்டி எலி பிடிக்கும் ஆட்களை ஊர் ஊராக அனுப்பி வைத்தவரே அவர்தான். வெள்ளிக்கிழமை நிறைவு விழாவுக்குத் தஞ்சாவூரிலிருந்து இணை இயக்குநர் சௌந்தரநாயகி அம்மா வருகிறார். அவர் முன்னால் எலி ஒழிப்பைப் பற்றிப் பேசப்போகிறவரின் சமையலறையில் எலி. வெளியே தெரிந்தால் பதினெட்டு வருஷ மானம் கப்பலேறிவிடும்.

மருந்து வைத்துவிடுகிறேன் என்றார். அவர் மனைவி அனுசுயா ஒரே பார்வையில் அதைத் தள்ளுபடி செய்தாள். மகள் பூமிகாவின் வங்கித் தேர்வுக்காகப் பிள்ளையாருக்கு நாற்பத்தெட்டு நாள் விளக்கேற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். இன்னும் பத்து நாள் பாக்கி.

"அவரு வாகனத்த கொன்னுட்டு, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுங்க கொழுக்கட்டை படைக்கிறது?"

ஆக, உயிரோடுதான் பிடித்தாக வேண்டும். உள்ளூர்க் கடையில் எலிக்கூண்டு வாங்கினால் சாயங்காலத்துக்குள் தெருவே விசாரிக்க வந்துவிடும். கும்பகோணம் போய் வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, ஏதோ இனிப்புப் பெட்டி மாதிரி வீட்டுக்குள் எடுத்து வந்தார்.

செவ்வாய்க்கிழமை விடியும்போது மசால்வடைக்கு ஆசைப்பட்டு எலி உள்ளே இருந்தது. கூண்டைத் துணிப்பையில் போட்டு, ஸ்கூட்டரில் கொண்டுபோய், வாய்க்கால் கரையில் திறந்துவிட்டார். ஒழிந்தது சனியன் என்று நிம்மதியாக ஆபீஸ் போனார்.

புதன்கிழமை காலை, கூண்டில் மறுபடியும் எலி.

அதே எலிதான் திரும்பி வந்துவிட்டது என்றாள் அனுசுயா. காதைப் பார்த்தாலே தெரிகிறதாம். இது வேறு எலி, அறிவியல்படி அது சாத்தியமே இல்லை என்றார் சபரிநாதன். காபி ஆறுகிற வரை வாதம் நடந்தது. கடைசியில் ஆபீஸ் பையிலிருந்து முத்திரைக்கான மைப்பெட்டியை எடுத்தார். கம்பி வழியாக வாலைப் பிடித்து இழுத்து, நுனியில் ஊதா மையை அழுத்தித் தடவினார். அரசாங்க மை, லேசில் போகாது. நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு வயல் வரப்பில் விட்டுவிட்டு, இனி யார் சொன்னது சரியென்று பார்க்கலாம் என்று வந்தார்.

வியாழக்கிழமை காலை கூண்டுக்கு வெளியே ஊதா வால் நீட்டிக்கொண்டிருந்தது.

சபரிநாதன் குனிந்து வாலைத் தேய்த்துப் பார்த்தார்; மை போகவில்லை. அனுசுயாவோ ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"நாலு கிலோமீட்டருங்க. சாதாரண எலி வருமா?"

அவர் ஸ்கூட்டரை எடுத்தார். இந்தத் தடவை காவிரிப் பாலத்தைத் தாண்டி ஒன்பது கிலோமீட்டர். தூரத்தில் வரப்பில் நாலைந்து பேர் குனிந்து நின்றார்கள். எலி ஒழிப்பு வாரத்தில் எலியைத் திறந்துவிடுகிற அதிகாரியை யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது? சட்டென்று கூண்டைக் கவிழ்த்துவிட்டு, செருப்பைக் கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை காலை அது வந்திருந்தது. வால் ஊதாதான். உடம்பு மட்டும் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. நடுவில் காவிரி ஓடுகிறது. எப்படி வந்திருக்கும் என்று யோசிக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. அனுசுயா கூண்டைத் திறந்து, இனி இதில் யாரையும் அடைக்கக் கூடாது என்று பரணில் ஏற்றிவிட்டாள். அடுப்படி மூலையில் கோலம் போட்டு, கொழுக்கட்டை வைத்தாள். எலி நிதானமாகச் சாப்பிட்டது. சபரிநாதன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மெதுவாகக் கைகூப்பினார். பூமிகா பாஸாகிவிடுவாள் என்று அந்த நிமிஷம் அவருக்கே உறுதியாகத் தோன்றியது. மனசு லேசாகி, சந்தோஷமாகவே விழாவுக்குக் கிளம்பினார்.

சமுதாயக் கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அனுசுயா. சபரிநாதன் எழுதி வைத்திருந்த உரையில் 'ஒழிப்பு' என்ற சொல் பதினேழு இடத்தில் இருந்தது. ஒவ்வொரு இடத்திலும் தடுக்கி விழுந்தார். முடிவில் காகிதத்தை மடித்துவிட்டு, எலியும் ஒரு ஜீவன்தானே, அதற்கும் நமக்குப் புரியாத ஒரு சக்தி இருக்கிறது என்றார். விவசாயிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சௌந்தரநாயகி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

நல்ல வேளையாக அடுத்தது பாராட்டு. எலி பிடிக்கும் குழுவின் தலைவர் காத்தான் மேடைக்கு வந்தார். சலவை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. சௌந்தரநாயகி அம்மா பொன்னாடை போர்த்தி, மொத்தம் எத்தனை எலி பிடித்தீர்கள் என்று கேட்டு மைக்கை அவர் பக்கம் நீட்டினார்.

"எண்ணூத்திப் பத்தும்மா," என்றார் காத்தான். "வால்ல ஆபீஸ் மை வெச்சு சாரு வரப்புல விட்டுட்டுப் போன எலிய மட்டும் சேக்கல. கவர்மெண்டு எலி தொலைஞ்சா சாருக்கு மெமோ குடுத்துருவாங்களேன்னு, ரெண்டு தடவையும் உசுரோட புடிச்சு, ஆபீசு பூட்டியிருந்ததால அவுங்க வீட்டுக் கொல்லையிலயே பத்திரமா விட்டுட்டோம்மா."