ரஸீன் நானாவின் செலவில்லாக் காவல்

செலவில்லாமல் காவல் காப்பவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போகும்போது பிளக் வயரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்பவர். நாயை வளர்க்காமல் 'நாய் கவனம்' என்ற பலகையை மட்டும் வளர்ப்பவர். வெளியூர் போகும் நாளில் வாசலில் நாலு சோடிச் செருப்பைப் பரப்பி வைத்து, வீடு நிறைய ஆட்கள் இருப்பதாகக் கள்ளனை நம்பவைப்பவர். கள்ளனைவிடத் தனக்கு ஒரு பிடி மூளை கூட என்பது இவர்களுடைய நம்பிக்கை. உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கள்ளனிடம் ஒரு நல்ல குணம் இருக்கிறது: தன் யோசனையை அவன் வெளியே சொல்லமாட்டான். நம்மவர்?

இந்த இனத்தில் முதல் மரியாதைக்குரியவர் கண்டிக்குப் பக்கத்தில் திகனையில் இருக்கிறார். பெயர் ரஸீன், ஊருக்கெல்லாம் அண்ணன் முறையில் ரஸீன் நானா. ஐம்பத்தாறு வயது, நரைத்த தாடி, காற்சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர். இருபது வருடம் மணலும் கல்லும் ஏற்றி இறக்கி, கடைசியில் ஒரு பெக்கோ வாங்கினார். முன்னால் மண் அள்ள ஒரு கையும் பின்னால் குழி தோண்ட ஒரு கையுமாக, கண்டிக்குப் போகும் வழியெல்லாம் எங்காவது ஒரு மலையைக் குடைந்துகொண்டு நிற்குமே, அந்த மஞ்சள் இயந்திரம்தான். வாங்கிய அன்றே ஸுலைஹாவிடம், அதாவது மனைவியிடம், "இனி நிம்மதி" என்றார். அன்றோடு போனது நிம்மதி.

தெல்தெனியப் பக்கம் யாருடைய பெக்கோவையோ லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம் என்று பஸ்ஸில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னதை, மூன்றாவது ஆளாக நின்ற ரஸீன் நானா கேட்டுவிட்டார். போதாததற்கு, இந்தப் பெக்கோக்களில் பலவற்றுக்கு ஒரே சாவிதான் பொருந்தும் என்பதையும் அதே பஸ்ஸில் தெரிந்துகொண்டார். தெரிந்தவர்கள், பெக்கோ எங்கே நிற்கிறது என்று போனிலேயே காட்டும் கருவி ஒன்றைப் பொருத்தச் சொன்னார்கள். "என்ட சாமான் எங்க நிக்கிதுன்டு நான் பாக்குறதுக்கு இன்னொருத்தனுக்கு மாசா மாசம் கூலி குடுக்கணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

முதலில் சங்கிலி கட்டினார். பெருவிரல் தடிப்பில், பழைய இரும்புக் கடையில் பேரம் பேசி எடுத்த சங்கிலி. பெக்கோவின் பெரிய பின் சில்லைச் சுற்றி, பக்கத்துப் பலா மரத்தையும் சுற்றிப் பூட்டுப் போட்டார். மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் பெக்கோ அப்படியே நின்றது. மரமும் நின்றது. சங்கிலியைக் காணவில்லை.

வேறு ஒருவராக இருந்தால் மனம் உடைந்திருப்பார். ரஸீன் நானாவோ, "பாத்தியா, சங்கிலியத்தான் எடுத்தான், பெக்கோவ எடுக்கல்ல" என்று மனைவியிடம் வெற்றிச் செய்தியாகச் சொன்னார். ஆனால் அன்றிரவு முழுவதும் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். வெளியே தெரிகிற காவல் காவலே இல்லை. காவல் என்றால் ஒளிந்திருக்க வேண்டும்.

அப்படிப் பிறந்தவைதான் அந்த மூன்று ரகசியங்கள். ஒன்று, ஓட்டுபவரின் இருக்கைக்குக் கீழே, றப்பர் விரிப்பின் மறைவில், பழைய பஸ் ஒன்றில் கழற்றிய ஒரு சின்னச் சுவிட்ச். அதைத் தட்டாவிட்டால் எஞ்சினுக்கு உயிர் வராது. இரண்டு, வேலை முடிந்ததும் மெயின் பியூஸைக் கழற்றிவிடுவது. அதை வீட்டில் வைத்தால் கள்ளன் வீட்டைத்தானே தேடுவான்? ஆகவே அது அஸ்ஃபருடைய ஹாட்வெயார் கடையில், கீல் எனப்படும் கதவுப் பிணைச்சல் பெட்டிக்குள் தூங்கும். மூன்று, பெட்டரிக் கம்பி. பார்த்தால் கறுப்பு டேப் சுற்றி இறுக்கமாக இருப்பதுபோல் தெரியும். உள்ளே ஒரு விரல்கடை இடைவெளி. மூன்றுக்கும் சேர்த்து ஆன செலவு, டேப்புக்கு மட்டும்தான்.

அருமையான ஏற்பாடு. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நீங்களே சொல்லுங்கள்: இவ்வளவு மூளையைச் செலவழித்து ஒரு மனிதன் ஒரு காரியம் செய்தால், அதை மெச்ச ஓர் ஆள் வேண்டாமா? பெக்கோ மெச்சுமா? கள்ளன் வந்து, முயன்று, தோற்று, "அபாரம் நானா" என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போவானா?

நுஸ்கியின் சலூனில் தாடி ஒதுக்க உட்கார்ந்தபோது முதல் ரகசியம் வெளியே வந்தது. "நுஸ்கி, ஒனக்கு மட்டும்தான் செல்றேன். சீட்டுக்குக் கீழ கைய விட்டா..." கத்தரிக்கோலை அந்தரத்தில் நிறுத்திவிட்டு நுஸ்கி, "அல்லாஹ்! நானாட மூளையே மூளை" என்றான். அந்த ஒரு வார்த்தை ரஸீன் நானாவுக்கு ஒரு கிழமைக்கு, ஏழு நாளைக்கும், போதுமாக இருந்தது. அடுத்த கிழமை அஸ்ஃபர். பியூஸை ஒளித்து வைக்க இடம் கொடுத்தவரிடம் காரணத்தை மறைக்க முடியுமா? மூன்றாவது ரகசியத்தைப் பரிமளத்திடம் சொன்னார். பரிமளம் பிரதேச சபையில் கிளார்க். பெக்கோ நிற்கும் நானாவின் வீட்டு வளவிலிருந்து மூன்றாவது வீட்டில், மலைச் சரிவை ஒட்டித் தனியாகக் குடியிருப்பவர். மண் வெட்டும் அனுமதிக்காக அவருடைய மேசைக்கு முன்னால் அரை மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. அரை மணி நேரம் சும்மா இருக்க முடியுமா?

அதே பரிமளத்தின் வீட்டு ஜன்னல்களுக்குக் கம்பி அடிக்க யோசனை சொன்னவரும் இவரே. "திறக்குற மாதிரிப் போட்டா பிணைச்சல் வேணும், பூட்டு வேணும். சும்மா முழுசா வெல்டிங்ல ஒட்டி உடுங்க. செலவும் இல்ல, கள்ளனும் வர ஏலா." பரிமளம் அப்படியே செய்தார்.

ஆனால் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒருவருக்கு இந்த மூன்றில் ஒன்றுகூடத் தெரியாது. அது மோகனராஜ். ஆறு வருடமாக அந்தப் பெக்கோவை ஓட்டுகிறவர். இயந்திரம் ஒரு முறை இருமினால் எங்கே வலிக்கிறது என்று சொல்லக்கூடியவர். "ஓட்டுறவனுக்குத் தெரிஞ்சா ஆபத்து" என்பது ரஸீன் நானாவின் கொள்கை. எனவே தினமும் காலையில் மோகனராஜைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே போய் மூன்று ரகசியங்களையும் அவிழ்த்துவிட்டு, "ஆ, வா மோகன்" என்று கூப்பிடுவார். அதுவரை மோகனராஜ் எதிரே இருக்கும் வெற்றிலைக் கடைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மூன்று நாளாக விடாத மழை. ரஸீன் நானா கலகெதரையில் ஒரு கலியாண வீட்டில், சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார். ஒரே தட்டில் பிரியாணியைப் பகிர்ந்துகொண்டிருந்த மற்ற ஐந்து பேரையும் அவருக்கு அன்றுவரை தெரியாது. பெட்டரிக் கம்பியில் டேப் சுற்றும் இடத்துக்குக் கதை வந்திருந்தபோது போன் அடித்தது.

"மொதலாளி, மோகன் பேசுறேன். பரிமளம் அக்கா வீட்டு முன்னுக்கு மண்ணு சரிஞ்சிருச்சு. இருக்குற ஒரு கதவையும் அப்பிடியே மூடிருச்சு. அக்கா உள்ள இருக்காங்க. மேலருந்து இன்னும் வந்துக்கிட்டே இருக்கு. பெக்கோவ எடுக்கணும். என்ன கழட்டி வச்சிருக்கீங்க, சொல்லுங்க."

ரஸீன் நானாவின் கையிலிருந்த இறைச்சித் துண்டு தட்டில் விழுந்தது. அவர் கெட்டவர் அல்லர். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் இத்தனை காலமும் காத்த பழக்கம் நெஞ்சைவிட வேகமாக வேலை செய்தது. "போன்ல செல்ல ஏலா மோகன். நான் வந்து ஸ்டார்ட் பண்ணித் தாரேன்" என்றார். கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் வேனை எடுத்துக்கொண்டு பறந்தார்.

பறந்தது கட்டுகஸ்தோட்டை வரைக்கும்தான். பாலத்துக்கு இந்தப் பக்கம், முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு பஸ். வைப்பர் அடிக்கிறது, வாகனம் நகரவில்லை. அவர் வாய்க்குள் ஓதத் தொடங்கினார். ஸுலைஹாவின் போன் வந்தது.

"எங்க ஈக்கிறீங்க?"

"கட்டுகஸ்தோட்டப் பாலத்துல. அந்தப் புள்ள எப்பிடி?"

"ஜன்னலுக்கிட்ட நின்டு பேசிக்கிட்டு ஈக்கிறா. ஜன்னலால வர ஏலா, எல்லாம் கம்பி. கரன்டும் இல்ல, கம்பி வெட்டுற மெசினும் வேல செய்யாது. ஆம்புளையள் மம்பட்டியால அள்ளுறாங்க, அள்ள அள்ள விழுது. அந்தப் பெக்கோவ எப்பிடி ஸ்டார்ட் பண்றன்டு செல்லுங்க."

ரஸீன் நானா வாயைத் திறந்தார். உண்மையாகவே சொல்லத்தான் திறந்தார். ஆனால் வெளியே வந்த வார்த்தை இது: "பக்கத்துல மோகன் நிக்கிறானா?"

"நிக்காம?"

"அவனக் கொஞ்சம் அங்கால போகச் செல்லு."

ஸுலைஹா, இருபத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் கேட்டிராத ஒரு குரலில் சொன்னாள்: "நீங்க ஒன்டும் செல்லத் தேவல்ல. சும்மா கேட்டுக்கிட்டு இருங்க." போனை அணைக்காமலே கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள்: "இந்தப் பெக்கோவப் பத்தி என்ட மனுசன் யாருக்கிட்ட என்ன செல்லி ஈக்கிறாரு? எல்லாரும் செல்லுங்க!"

பாலத்துக்கு இந்தப் பக்கம், மூடிய வேனுக்குள், ரஸீன் நானா தன் ரகசியங்கள் ஒவ்வொன்றாக வெளியே வருவதைக் காதால் கேட்டார்.

"சீட்டுக்குக் கீழ, றப்பருக்கு உள்ளுக்கு, ஒரு சுவிட்ச் ஈக்கி!" அது நுஸ்கி.

"துரோகி" என்றார் ரஸீன் நானா.

"மெயின் பியூஸ் என்ட கடேல. இரிங்க, ஓடிட்டு வாரேன்!" அது அஸ்ஃபர்.

இவருடைய நெற்றி ஸ்டியரிங்கில் சாய்ந்தது. ஹோர்ன் அடித்தது. முன் பஸ்காரர் கோபத்தோடு திரும்பிப் பார்த்தார்.

அஸ்ஃபர் போய் வந்தார். பியூஸைப் போட்டார்கள். மோகனராஜ் சாவியைத் திருப்புவது கேட்டது. ஒன்றுமில்லை. மறுபடியும் திருப்பினார். ஒன்றுமில்லை. வேனுக்குள் இருந்த மனிதருக்கு அந்த நேரத்தில் ஏற்பட்ட உணர்ச்சியைச் சொன்னால் நீங்கள் அவரை மன்னிக்கமாட்டீர்கள். ஆனாலும் சொல்கிறேன். ஒரு சின்ன, மிகச் சின்ன, பெருமை. பார்த்தீர்களா, மூன்றாவதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்போது தூரத்திலிருந்து, ஜன்னல் கம்பிக்கு உள்ளேயிருந்து, தொண்டை கிழிய ஒரு குரல். பரிமளம்.

"பெட்டரிக் கம்பியப் பாருங்க! டேப் சுத்தியிருக்குமாம், ஆனா உள்ள தொடாதாம்! நானா ஆபீஸ்ல வச்சு எங்கிட்டதான் சொன்னாரு!"

எஞ்சின் உறுமியது. ஆயிரம் எஞ்சின்களுக்கு நடுவிலும் அந்தச் சத்தத்தை ரஸீன் நானா அடையாளம் காண்பார். ஊரே கைதட்டியது. அவர் அழுதார். ஏன் அழுதார் என்று அவருக்கே தெளிவாகத் தெரியவில்லை. நாமும் தோண்ட வேண்டாம்.

அவர் திகனை வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முன்பக்கத்து மண்ணை அள்ளப் போனால் மேலே உள்ளதும் சேர்ந்து இறங்கும் என்று மோகனராஜ் கண்டிருக்கிறார். ஆகவே பக்கத்து ஜன்னலுக்குப் பெக்கோவைக் கொண்டுபோய், பக்கெட்டின் ஒரு பல்லைக் கம்பிக்குள் மெதுவாகக் கொளுவி, சுவர் அசையாமல், சட்டத்தோடு பிடுங்கி எடுத்திருக்கிறார். பரிமளம் அதன் வழியாக இறங்கி வந்து, இப்போது ஸுலைஹாவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு, நானாவின் வீட்டுக் கதிரையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் வெளியே வந்து இருபது நிமிடத்தில் இரண்டாவது சரிவு வந்ததாம்.

ரஸீன் நானா போய்ப் பார்த்தார். சமையலறை இருந்த இடத்தில் சிவப்பு மண். மண்ணுக்கு மேலே ஓர் அலுமாரிக் கதவு. பக்கத்தில், பிடுங்கிப் போட்ட ஜன்னல் கம்பி, நாலு பக்கமும் நன்றாக ஒட்டியபடி, ஒரு மூட்டுக்கூட விடாமல் கிடந்தது. நல்ல வேலைப்பாடு. யார் சொல்லிச் செய்தது?

திரும்பி வந்து பரிமளத்துக்கு முன்னால் நின்று, "புள்ள, அந்தக் கம்பி... நான்தான்..." என்று தொடங்கினார்.

"விடுங்க நானா. கம்பி சொன்னதும் நீங்கதான், பெட்டரி சொன்னதும் நீங்கதான்" என்றார் பரிமளம்.

வளவில் பெக்கோ வழக்கமான இடத்தில் நின்றது. மோகனராஜ் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சாவியை நீட்டினார்.

"எல்லாத்தையும் பழையபடி வச்சிட்டேன் மொதலாளி. சுவிட்ச அணைச்சிட்டேன். பியூஸ் அஸ்ஃபர் கடைக்குப் போயிருச்சு. கம்பியில புது டேப் சுத்தியிருக்கேன், பழசு ஈரமாயிருச்சு."

திட்டியிருந்தால் ரஸீன் நானாவுக்கு வசதியாக இருந்திருக்கும். மோகனராஜ் திட்டவில்லை. "ஆறு வருசம் மொதலாளி" என்று மட்டும் சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

அந்த மாலை முழுவதும் ரஸீன் நானா வெட்கப்பட்டார். இந்த இனத்தவருக்கு ஒரு முழு மாலை என்பது அதிகம். இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை. பரிமளத்துக்கு மேட்டில் வேறு வீடு பார்த்துத் தருவதாக ஸுலைஹாவிடம் சொன்னார். அந்த மாதமே பார்த்தும் கொடுத்தார். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்ஆ முடிந்து வந்தவர், ஸ்க்ரூ டிரைவரோடு பெக்கோவுக்குள் புகுந்து இரண்டு மணி நேரம் வெளியே வரவில்லை. ஊருக்கே தெரிந்த ரகசியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வந்தபோது முகத்தில் பழைய ஒளி. நேராக மோகனராஜின் வீட்டுக்குப் போனார். முதன்முறையாக.

"மோகன், இது புதுசு. இந்த முற ஒனக்குத்தான் மொதல்ல செல்றேன். இன்னும் ஒருத்தருக்கும் செல்லல்ல. டீசல் டேங்குக்குப் பக்கத்துல..."

மோகனராஜ் கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாம் மொதலாளி, எங்கிட்ட சொல்லாதீங்க. அவசரம்னா ஊருக்குள்ள யாருகிட்டயாவது கேட்டுக்குறேன்."

ரஸீன் நானா வாசலைவிட்டு இறங்கினார். பிறகு சலூன் பக்கம் நடந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் பெக்கோ இல்லை என்ற தைரியம். ஆனால் உங்கள் வங்கி அட்டையின் ரகசிய நாலு இலக்கத்தைப் போனில் உலகத்திலேயே இல்லாத ஒரு மாமாவின் நம்பருக்குள் ஒளித்து வைத்திருக்கிறீர்களே, நல்ல யோசனைதான், எந்தக் கள்ளனுக்கும் தோன்றாது. அந்த மாமாவின் பெயர் உங்கள் அலுவலகத்தில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று மட்டும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.